ரெண்டு மூக்கு, ஒரே மூச்சு

ரெண்டு மாடு பூட்டின வண்டியில் ஒரு மாடு மட்டும் கொஞ்சம் சோம்பேறியாக இருந்தால் வண்டி நின்றுவிடாது. ஓடத்தான் செய்யும். ஆனால் நுகத்தடி கோணலாகும், வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், நல்ல மாடு சீக்கிரம் களைத்துப் போகும். ஒன்றுக்கு மேற்பட்ட சிலிண்டர் உள்ள மோட்டார் சைக்கிளிலும் இதே கதைதான். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி மூக்கு, அதாவது கார்புரேட்டரோ திராட்டில் பாடியோ இருந்தால், எல்லா மூக்கும் ஒரே அளவு மூச்சு இழுக்க வேண்டும். இல்லையென்றால் சிக்னலில் நிற்கும்போது வண்டி உதறும், கண்ணாடியில் பின்னால் வருபவர் முகம் ரெண்டாகத் தெரியும், மெதுவாக உருட்டும்போது வெட்டி வெட்டி இழுக்கும். இதைச் சரி செய்கிற வேலைக்குப் பெயர் ஸின்க்ரனைசேஷன். சுருக்கமாக 'ஸிங்க்'.

இந்தச் சின்ன வேலைக்கு ஒரு சுவாரசியமான வரலாறு இருக்கிறது. முதலில் காதும் கையும், அப்புறம் பாதரசம், அப்புறம் சாதாரண பிளாஸ்டிக் ட்யூப். பொதுவாக ஒரு கருவி வளர வளர விலை ஏறும், வீட்டை விட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடும். இங்கே தலைகீழாக நடந்திருக்கிறது. ஏன் அப்படி என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. அதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை :-)

முதலில் ஒரு கணக்கு. பயப்படாதீர்கள், எட்டாம் வகுப்புக் கணக்குதான். 34 மில்லிமீட்டர் விட்டமுள்ள திராட்டில் பாடி என்று வைத்துக்கொள்வோம். உள்ளே ஒரு வட்டத் தகடு. ஆக்சிலேட்டரை முறுக்கினால் தகடு திரும்பி வழி விடும். ஐடிலிங்கில் அது ஏறக்குறைய மூடியே இருக்கும். சுற்றிலும் 0.05 மில்லிமீட்டர் இடைவெளி என்று கணக்குக்காக வைத்தால், காற்று போக வழி சுமார் 5.3 சதுர மில்லிமீட்டர். பக்கத்து சிலிண்டரின் தகட்டில் இடைவெளி 0.06 என்றால் 6.4. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான். ஆனால் காற்றின் அளவில் அது 20 சதவீதம்! ஒரு சிலிண்டர் ஐந்து இட்லி சாப்பிடும்போது இன்னொன்று ஆறு சாப்பிடுகிறது.

அதே ரெண்டையும் முழுசாகத் திறந்துவிடுங்கள். இப்போது வழி சுமார் 908 சதுர மில்லிமீட்டர். அந்த ஒரு சதுர மில்லிமீட்டர் வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்கு. யாருக்கும் தெரியாது. அதனால்தான் ஸிங்க் கெட்ட வண்டி ஹைவேயில் பறக்கும்போது சமத்தாக இருக்கும், டிராஃபிக்கில் மட்டும் மானத்தை வாங்கும்.

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

1959-ல் பிரிட்டனின் டிரையம்ஃப் கம்பெனி பான்வில் டி120 என்ற வண்டியை விற்பனைக்கு விட்டது. 649 சிசி, ரெண்டு சிலிண்டர், ரெண்டு ஆமல் கார்புரேட்டர். அதற்கு முன் அந்தக் கம்பெனியின் 650 வண்டிகளில் பொதுவாக ரெண்டு சிலிண்டருக்கும் ஒரே கார்புரேட்டர்தான். ஒரு மூக்கு, ரெண்டு நுரையீரல். யார் அதிகம் குடிக்கிறார்கள் என்ற சண்டையே கிடையாது. பான்வில்லில் ஒரு மூக்கு கூடியது, வேகம் கூடியது, கூடவே தலைவலியும் வந்தது. கைப்பிடியிலிருந்து வரும் ஒரே கேபிள் நடுவில் ரெண்டாகப் பிரிந்து ரெண்டு கார்புரேட்டருக்கும் போகும். கேபிள் இழுபட்டு நீளும். ரெண்டும் ஒரே அளவு நீளும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

ஒரு சுவையான விஷயம். அந்தக் காலத்து பிரிட்டிஷ் போலீஸ் படைகள் பலவும் ஓட்டிய டிரையம்ஃப் 'செயின்ட்' வண்டி ஒற்றைக் கார்புரேட்டர் கொண்ட டிஆர்6 மாடலை அடிப்படையாகக் கொண்டது. தினமும் ஓட வேண்டிய வண்டிக்கு ஒரு மூக்கே போதும், பேலன்ஸ் பார்க்கிற வேலை மிச்சம்.

அப்போது பேலன்ஸ் பார்த்தது எப்படி? சைலன்சர் ரெண்டுக்கும் பின்னால் ரெண்டு உள்ளங்கையை வைத்து, எந்தப் பக்கம் அதிகமாக ஊதுகிறது என்று பார்ப்பது ஒரு வழி. கார்புரேட்டர் வாயில் ரப்பர் குழாயின் ஒரு முனையை வைத்து, மறு முனையைக் காதில் வைத்து 'ஸ்ஸ்ஸ்' சத்தத்தை ஒப்பிடுவது இன்னொரு வழி. டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைக்கிற மாதிரி. பிஎம்டபிள்யூ ஆட்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். 1969-ல் வந்த ஆர்75/5 போன்ற பாக்ஸர் வண்டிகளில் சிலிண்டர்கள் இடதும் வலதுமாக நீட்டிக்கொண்டு இருக்கும். ஒரு பக்க ஸ்பார்க் பிளக்கை எர்த் பண்ணி அந்த சிலிண்டரைச் செத்துப் போக வைத்து, மற்றது தனியாக எந்த ஆர்பிஎம்மில் ஓடுகிறது என்று பார்ப்பார்கள். அப்புறம் மாற்றிச் செய்வார்கள். ரெண்டும் ஒரே ஆர்பிஎம் காட்டினால் பேலன்ஸ் சரி. (இப்போதைய எலக்ட்ரானிக் இக்னிஷன் வண்டிகளில் இந்த வேலையைச் செய்து பார்க்காதீர்கள். இக்னிஷன் காயிலுக்கும் எலக்ட்ரானிக்ஸுக்கும் சங்கு.)

நம்ம ஊரில் இந்தக் கலையைப் பலருக்கும் அறிமுகப்படுத்தியது ராஜ்தூத் 350. யமஹா ஆர்டி350-ஐ எஸ்கார்ட்ஸ் கம்பெனி 1983 முதல் இங்கே தயாரித்தது. டூ ஸ்ட்ரோக், ரெண்டு சிலிண்டர், ரெண்டு கார்புரேட்டர். இதில் தகடுக்குப் பதிலாக மேலும் கீழும் ஏறி இறங்கும் ஸ்லைடு. ஒரே சைஸ் டிரில் பிட் ரெண்டை எடுத்து, ரெண்டு ஸ்லைடுக்கும் அடியில் சொருகி, ரெண்டும் ஒரே மாதிரி பிடிக்கிறதா என்று பார்ப்பது ஒரு பழைய டெக்னிக். கவனியுங்கள், டிரில் பிட் எத்தனை மில்லிமீட்டர் என்பது இங்கே அவ்வளவு முக்கியமில்லை. ரெண்டும் ஒன்றாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

காதும் கையும் ரெண்டு சிலிண்டருக்குத் தாங்கும். நாலுக்கு? 1969-ல் ஹோண்டா சிபி750 வந்தது. வரிசையாக நாலு சிலிண்டர், நாலு கெய்ஹின் கார்புரேட்டர். ஆரம்பத்து வண்டிகளில் ஒரு கேபிள் நாலாகப் பிரிந்து ஒவ்வொரு கார்புரேட்டருக்கும் தனித்தனியாகப் போனது. நாலு கேபிளையும் சமமாக வைத்திருப்பது எவ்வளவு லொள்ளு என்று உங்களுக்கே தெரியும். அடுத்த மாடலிலேயே ஹோண்டா அதைத் தூக்கிவிட்டு, நாலையும் ஒரே தண்டில் கோத்து, கேபிள் அந்தத் தண்டை மட்டும் இழுக்கும்படி மாற்றியது. 1972-ல் வந்த கவாசாகி இஸட்1-ம் நாலு கார்புரேட்டர்தான். ஜப்பான் நாலு சிலிண்டர் வண்டிகள் உலகத்தை நிறைத்தன. நாலு சைலன்சருக்கு நாலு கை வேண்டும், மனுசனுக்கு இருப்பது ரெண்டு. கருவி தேவைப்பட்டது.

அந்தக் கருவியின் தாத்தா இத்தாலிக்காரர். கிணற்றிலிருந்து உறிஞ்சு பம்பால் சுமார் 10 மீட்டருக்கு மேல் தண்ணீரை ஏற்ற முடியவில்லை என்பது 17-ஆம் நூற்றாண்டில் ஒரு பெரிய புதிர். கலிலியோ 1638-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் இதைப் பற்றி எழுதினார். அவருடைய சீடர் டாரிசெல்லி, 10 மீட்டர் குழாயோடு யார் மல்லுக்கட்டுவது என்று தண்ணீருக்குப் பதில் அதைவிட 13.6 மடங்கு கனமான பாதரசத்தை எடுத்துக்கொண்டார். 10 மீட்டர் சுருங்கி 76 சென்டிமீட்டர் ஆனது. 1640-களில் பிறந்த அந்த பாரோமீட்டர்தான் முன்னூறு சொச்சம் வருடம் கழித்து மோட்டார் சைக்கிள் ஷெட்டுக்குள் நுழைந்தது.

வேலை செய்யும் விதம் எளிது. திராட்டில் மூடியிருக்கும்போது சிலிண்டர் காற்றை இழுக்கும், காற்று வராது, நடுவில் வெற்றிடம் உண்டாகும். ஸ்ட்ராவில் விரலை வைத்து அடைத்துக்கொண்டு உறிஞ்சுகிற மாதிரி. தகடு எவ்வளவு மூடியிருக்கிறதோ அவ்வளவு வெற்றிடம். ஒவ்வொரு சிலிண்டரின் காற்று வழியிலும் ஒரு சின்னத் துளை இருக்கும். அதிலிருந்து ட்யூப் எடுத்து நாலு பாதரசக் குழாய்களில் சொருகினால், நாலு வெள்ளிக் கம்பங்கள் எழுந்து நிற்கும். எல்லாம் ஒரே உயரத்துக்கு வரும்வரை ஸ்க்ரூவைத் திருப்ப வேண்டும். பார்க்க அவ்வளவு அழகு.

அழகுக்கு ஒரு விலை இருந்தது. எஞ்சினை உறுமவிட்டு ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டால் வெற்றிடம் ஒரே தாவாகத் தாவும். குழாய் குட்டையாக இருந்தால் பாதரசம் மேலே ஏறி அப்படியே எஞ்சினுக்குள் போய்விடும். எஞ்சின் சூட்டில் ஆவியாகி சைலன்சர் வழியாக வெளியே வரும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் மூச்சில் போகும். போதாக்குறைக்கு, கீறல் விழுந்த அலுமினியத்தைப் பாதரசம் அரித்துவிடும். வண்டியில் பாதி அலுமினியம்!

பாதரசம் என்ன செய்யும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அமெரிக்காவிலிருந்து பெயர்த்து எடுத்துவந்து 1980-களில் கொடைக்கானலில் வைத்த தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் கதை தெரியும். பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி, பழைய இரும்புக் கடையில் கிடந்தது அம்பலமானதும் 2001-ல் அது மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்த 591 பேருக்கு உடன்பாடு வர 2016 ஆனது. நடுவில் பதினைந்து வருடம். தொழிற்சாலையில் கையாண்டதே இந்த லட்சணம் என்றால், வீட்டு வராந்தாவில் நாலு குழாய் பாதரசத்தோடு வண்டியை உறுமவிடுவது எப்படிப்பட்ட விளையாட்டு என்று யோசியுங்கள். மினமாட்டா உடன்படிக்கை 2013-ல் ஏற்கப்பட்டு 2017-ல் நடைமுறைக்கு வந்தது. 2020-க்குப் பின் தயாரிப்பையும் ஏற்றுமதி இறக்குமதியையும் நிறுத்த வேண்டிய பொருட்களின் பட்டியலில் தெர்மாமீட்டரோடு, பாதரச மானோமீட்டரும் இருக்கிறது. நம்ம கதாநாயகனேதான்.

அதற்கு முன்பே மாற்று வழிகள் வந்துவிட்டன. முள் ஓடும் டயல் கேஜ்கள் இருந்தன. வட அயர்லாந்தில் தயாரான 'கார்ப்ட்யூன்' பாதரசத்துக்குப் பதில் குழாய்க்குள் ஏறி இறங்கும் ஸ்டீல் கம்பிகளைப் பயன்படுத்தியது. எல்லாம் நல்ல கருவிகள்தான். ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவை செய்கிற வேலைக்குக் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

இங்கேதான் வீட்டிலேயே செய்கிறவர்கள் நுழைகிறார்கள். உலகம் பூராவும் வண்டிப் பைத்தியங்கள் கையில் எடுத்தது மூணு நாலு மீட்டர் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ட்யூப், கொஞ்சம் எண்ணெய், ஒரு மரப்பலகை. ட்யூபை 'யு' வடிவத்தில் பலகையில் அடித்து, அடியில் எண்ணெய் ஊற்றி, ஒரு முனையை ஒரு சிலிண்டரின் துளையிலும் மறு முனையை அடுத்ததிலும் மாட்டிவிட வேண்டியது. எந்தப் பக்கம் வெற்றிடம் அதிகமோ, அந்தப் பக்கம் எண்ணெய் ஏறும். அதாவது எண்ணெய் ஏறுகிற பக்கத்துத் தகடு அதிகமாக மூடியிருக்கிறது. சமமாகும்வரை ஸ்க்ரூ. அவ்வளவுதான்.

இதை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? வீடு கட்டுகிற இடத்தில் கொத்தனார் நீளமான ட்யூபில் தண்ணீர் பிடித்து, இந்தச் சுவரிலும் அந்தச் சுவரிலும் மட்டம் குறிப்பாரே, அதேதான். அந்தத் தரை கடல் மட்டத்திலிருந்து எத்தனை அடி உயரம் என்று அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ரெண்டு சுவரும் ஒரே மட்டமா? அந்தக் கேள்வி போதும். (அவரிடம் இருக்கும் ரசமட்டத்திலும் பெயரில்தான் ரசம், உள்ளே இருப்பது சாராயம்!)

இப்போது கணக்கைப் பாருங்கள். பாதரசக் குழாய் ஒவ்வொரு சிலிண்டரின் வெற்றிடம் எவ்வளவு என்று தனித்தனியாக அளக்கிறது. ஒரு சிலிண்டரில் 20 சென்டிமீட்டர் பாதரசம் ஏறும் என்றால், அதே வெற்றிடத்துக்கு எண்ணெய் 3 மீட்டருக்கு மேல் ஏறும். கூரையைத் தொடும். அதனால்தான் பாதரசம் வேண்டியிருந்தது. ஆனால் நமக்கு வேண்டியது 20-ஆ 22-ஆ என்பதில்லை. ரெண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் மட்டுமே. 'யு' ட்யூபில் ரெண்டு பக்கத்து இழுப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போக, மிச்சம் நிற்பது அந்த வித்தியாசம்தான். எண்ணெய் இலேசு என்பதால், பாதரசத்தில் 1 சென்டிமீட்டராகத் தெரிகிற வித்தியாசம் இங்கே சுமார் 15 சென்டிமீட்டராகத் தெரியும். கூர்மை 15 மடங்கு! அப்படியே எண்ணெய் எஞ்சினுக்குள் போனாலும் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை, அவ்வளவுதான்.

எங்கள் தொழிலிலும் இப்படி உண்டு. ரெண்டு சர்வரின் கடிகாரம் சரியான நேரத்தைக் காட்டாவிட்டாலும் பல இடங்களில் குடி முழுகாது. ரெண்டும் ஒரே நேரத்தைக் காட்டாவிட்டால்தான் ராத்திரி ரெண்டு மணிக்குப் போன் வரும். கருவி மலிவானதற்குக் காரணம் டெக்னாலஜி வளர்ந்தது இல்லை. யாரோ கேள்வியைச் சரியாகக் கேட்டார்கள். "எவ்வளவு?" என்று கேட்டால் பாதரசம் வேண்டும். "சமமா?" என்று கேட்டால் ட்யூப் போதும்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான சந்தேகம் வரும். கார்புரேட்டர் காலம் மலையேறிவிட்டதே, கம்ப்யூட்டர் இருக்கும்போது ஸிங்க் எதற்கு? 1980-ல் கவாசாகி இஸட்1000 எச், 1982-ல் ஹோண்டா சிஎக்ஸ்500 டர்போ, 1983-ல் பிஎம்டபிள்யூ கே100 என்று பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள் வர ஆரம்பித்தன. கார்புரேட்டர் போய் திராட்டில் பாடி வந்தது. ஸிங்க் தொல்லை ஒழிந்ததா? அதுதான் இல்லை. ஒரு வகையில் கூடியது.

1993-ல் வந்த பிஎம்டபிள்யூ ஆர்1100ஆர்எஸ்-ஐ எடுத்துக்கொள்வோம். பக்கத்துக்கு ஒன்றாக ரெண்டு திராட்டில் பாடி, நடுவில் கேபிள் தொடர்பு. தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் சென்சார் இடது பக்கம் மட்டும். கம்ப்யூட்டர் அந்தக் கோணத்தையும் ஆர்பிஎம்மையும் வைத்தே ரெண்டு சிலிண்டருக்கும் பெட்ரோல் அளக்கிறது. வலது பக்கமும் இதே அளவுதான் திறந்திருக்கும் என்ற நம்பிக்கை. கார்புரேட்டர் காலத்தில் ஒரு மூக்கு அதிகக் காற்று இழுத்தால், அதே கார்புரேட்டர் அந்தக் காற்றுக்கு ஏற்ற பெட்ரோலையும் ஓரளவு சேர்த்துக் கொடுக்கும். சாப்பாடு கூடும் குறையும், ருசி மாறாது. இங்கே வலது பக்கம் காற்று கூடினாலும் பெட்ரோல் இடது பக்கக் கணக்குதான். ருசியும் கெட்டது. ஒரே சீராக மெதுவாகப் போகும்போது வண்டி முன்னும் பின்னும் இழுக்கும் 'சர்ஜிங்' இந்த வரிசை வண்டிகளின் பிரபலமான வியாதி. அதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் வீட்டில் ஒழுங்காக ஸிங்க் செய்தாலே நன்றாகக் குறைகிறது என்று ஏராளமான பேர் கண்டுகொண்டார்கள். வேலை ரெண்டு கட்டம்: ஐடிலிங்கில் காற்றுக்கான பித்தளை ஸ்க்ரூ, அப்புறம் ஆர்பிஎம்மைக் கொஞ்சம் ஏற்றி கேபிள் அட்ஜஸ்டர்.

2006 யமஹா ஆர்6-ல் கேபிளுக்கும் தகடுக்கும் நடுவில் மோட்டார் வந்தது. அப்போதும் மோட்டார் திருப்புவது ஒரு தண்டை. அதில் கோத்த நாலு தகடும் சமமா, எதில் கரி படிந்திருக்கிறது என்பதெல்லாம் மோட்டாருக்குத் தெரியாது. 2018-ல் விற்பனைக்கு வந்த, சென்னைக்குப் பக்கத்திலேயே தயாராகிற ராயல் என்ஃபீல்டு 650 வண்டிகளிலும் ரெண்டு சிலிண்டருக்கு ரெண்டு திராட்டில் பாடி. 1959-ல் பான்வில் கேட்ட கேள்வியை அதுவும் கேட்கிறது.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. டேப்பெட் கேப், ஏர் ஃபில்டர், பிளக் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அவை கோளாறாக இருந்தால் ஸிங்க் நிற்காது. எஞ்சின் நன்றாகச் சூடானபின் செய்யுங்கள், ஆனால் எதிரே ஒரு பெடஸ்டல் ஃபேன் ஓடட்டும். மூடிய ஷெட்டுக்குள் கூடவே கூடாது, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ட்யூபின் ரெண்டு முனைக்கும் முன்னால் காற்றுப் புகாத சின்ன பாட்டில் ஒவ்வொன்று வைத்தால் எண்ணெய் எஞ்சினுக்குப் போகாமல் அதில் விழும். நாலு சிலிண்டர் என்றால் பொதுவாக 1-ம் 2-ம், 3-ம் 4-ம், கடைசியில் ரெண்டு ஜோடிக்கும் நடுவே. கம்பெனி பெயின்ட் வைத்து மூடிய ஸ்க்ரூவைத் தொடாதீர்கள். உங்கள் வண்டிக்கு எந்த ஸ்க்ரூ என்று சர்வீஸ் மேனுவலில் பார்த்துவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுங்கள்.

இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்தது இதுதான். காது, பாதரசம், ஸ்டீல் கம்பி, கம்ப்யூட்டர் என்று எத்தனையோ வந்து போய்விட்டன. ஆனால் பக்கத்து மாடு எவ்வளவு இழுக்கிறது என்று மாட்டுக்குத் தெரியாது, கம்ப்யூட்டருக்கும் தெரியாது. வெளியிலிருந்து ஒருவர் நுகத்தடியைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்கு ஒர்க்‌ஷாப்பும் வேண்டாம், விஷமும் வேண்டாம். ஒரு ட்யூப், கொஞ்சம் எண்ணெய், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும்.